மிக்குவை வரைகிறவர்கள்: ரசிகர் ஓவியமும் கைமாறும் நுட்பங்களும்

ஹட்சுனே மிக்கு ஒரு மென்பொருளின் பெயர். பாடல் வரிகளையும் மெட்டையும் உள்ளிட்டால் பெண் குரலில் பாடித்தரும். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், சப்போரோ நகரத்தில் இருக்கும் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம், யமஹாவின் வோகலாய்ட் 2 தொழில்நுட்பத்தைக் கொண்டு இதை உருவாக்கி 2007 ஆகஸ்ட் 31 அன்று விற்பனைக்கு விட்டது. குரல் சாகி ஃபுஜிடா என்ற நடிகையுடையது. மென்பொருள் பெட்டியின் மேல் மிக்குவாக இருந்த பெண்ணை வரைந்தவர் கேய் என்ற ஓவியர். யமஹாவின் பழைய டிஎக்ஸ்7 சிந்தசைசரின் நிறங்களையும் பொத்தான்களையும் அவர் அவளுடைய உடையில் ஏற்றினார். வயது 16, உயரம் 158 செ.மீ., எடை 42 கிலோ. நிறுவனம் வெளியிட்ட சுயவிவரம் ஏறக்குறைய அவ்வளவுதான். கதை கிடையாது, குடும்பம் கிடையாது, வில்லன் கிடையாது.

இணையத்தில் ரசிகர் ஓவியம் எப்படிப் பிறந்து, எப்படிக் கைமாறி, வரையும் நுட்பங்களையும் கூடவே எப்படிக் கொண்டுபோகிறது என்று பார்க்க மிக்குவை விடத் தோதான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மற்றப் பாத்திரங்களுக்கு மூலக் கதை ஒன்று இருக்கும். அதைவிட்டு விலகி வரைந்தால் ‘இவள் இப்படிச் செய்யவே மாட்டாள்’ என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். மிக்குவிடம் அந்தத் தொல்லை இல்லை. வரைகிறவர் என்ன வைக்கிறாரோ அதுதான் கதை.

ரசிகர் படங்களில் அடிக்கடி அவள் கையில் இருக்கும் வெங்காயத்தாளே இதற்குச் சாட்சி. மென்பொருள் வெளிவந்த அடுத்த மாதமே ஒரு பயனர், பின்லாந்துப் பாடல் ஒன்றை மிக்குவைப் பாடவைத்து நிக்கோ நிக்கோ டௌகா தளத்தில் ஏற்றினார். அதில் குட்டியாகச் சுருக்கி வரையப்பட்ட மிக்கு, நீளமான வெங்காயத்தாள் ஒன்றை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அதே பாட்டுக்கு முன்பே பிரபலமாயிருந்த ஓர் அனிமேஷன் கேலியின் தொடர்ச்சி அது. நிறுவனத்தின் வடிவமைப்பில் காய்கறி எதுவும் இல்லை. ஆனாலும் பிற்பாடு அதிகாரபூர்வமாக விற்கப்பட்ட மிக்கு பொம்மைகளோடு வெங்காயத்தாளும் சேர்ந்தே வந்தது.

ரியோ என்ற புனைபெயர் கொண்ட இசையமைப்பாளர் 2007 டிசம்பரில் ‘மெல்ட்’ என்ற பாடலை ஏற்றியபோது நடந்தது இன்னும் சுவையானது. காணொளிக்கு ஒரு படம் தேவைப்பட்டது. 119 என்ற பெயரில் இயங்கிய ஓவியர் ஒருவர் வரைந்திருந்த மிக்கு படத்தை எடுத்து, கேட்காமலே பயன்படுத்திவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினார். ஓவியருக்குக் கோபம் வரவில்லை, பாட்டுப் பிடித்துப்போயிற்று. ‘சூப்பர்செல்’ என்ற குழு அங்கிருந்துதான் தொடங்கியது. அதே மாதம் ஹுகே என்ற ஓவியர், கறுப்பு உடையும் ஒரு கண்ணில் நீலத் தீயுமாக ஒரு பெண்ணை வரைந்து இணையத்தில் இட்டார். அந்தப் படத்தைப் பார்த்து ரியோ எழுதிய பாடல் ‘பிளாக் ராக் ஷூட்டர்’. மிக்கு பாடிய அந்தப் பாடல் 2008 ஜூனில் வந்தது, ஹுகேயும் குழுவில் சேர்ந்தார், 2010-இல் அதுவே அனிமேயாகவும் ஆனது. படத்திலிருந்து பாட்டு, பாட்டிலிருந்து படம் என்று இரண்டு பக்கமும் வழி திறந்திருந்தது.

கேட்காமல் எடுத்தது நட்பில் முடிந்தது அதிர்ஷ்டம். எல்லா முறையும் அப்படி முடியாது என்று கிரிப்டனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதே டிசம்பரில் அந்நிறுவனம் பியாப்ரோ என்ற தளத்தைத் திறந்தது. பாட்டு எழுதுகிறவரும் மெட்டமைப்பவரும் படம் வரைபவரும் தத்தம் ஆக்கங்களை அங்கே இடலாம். பெயர் குறிப்பிட வேண்டுமா, மாற்றியமைக்கலாமா என்ற நிபந்தனைகளையும் ஒவ்வொருவரும் தாமே வைக்கலாம். 2009-இல் ‘பியாப்ரோ கேரக்டர் லைசென்ஸ்’ வந்தது. கிரிப்டனின் பாடகர்களான மிக்கு, ரின், லென், லூக்கா, மெய்கோ, கைட்டோ ஆகிய ஆறு பாத்திரங்களையும் லாப நோக்கமின்றி யாரும் வரைந்து வெளியிடலாம், தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆபாசமாகவோ பிறர் உரிமையைப் பறிப்பதாகவோ இருக்கக் கூடாது என்பது போன்ற வரம்புகள் மட்டும் உண்டு. 2012 டிசம்பரில், வெளிநாட்டு ரசிகர்களுக்கும் புரியும்படி, மூலப் படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸின் வணிகமற்ற உரிமத்தின் கீழும் கொண்டுவந்தார்கள்.

இந்த ஆறு பேருக்கு மட்டும்தான் இந்த அனுமதி. வேறு நிறுவனங்கள் வெளியிட்ட வோகலாய்ட் பாத்திரங்களுக்கு விதிகள் வேறு. வோகலாய்ட் என்றால் எல்லாரும் ஒன்று என்று நினைத்து வரைந்து வெளியிடப் புறப்படுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஜப்பானியக் காமிக்ஸ், அனிமே ரசிகர் ஓவியங்களில் பெரும்பகுதிக்கு இப்படி எழுத்துபூர்வமான அனுமதியே கிடையாது. உரிமையாளர் கண்டும் காணாமல் இருப்பதால் நடக்கிறது. 1975 டிசம்பரில் டோக்கியோவில் தொடங்கிய கொமிக்கெட் சந்தையில் ரசிகர்கள் தாமே அச்சிட்ட புத்தகங்கள் பல பத்தாண்டுகளாக விற்பனையாவதும் பெரும்பாலும் அந்தச் சகிப்பின் தயவில்தான்.

உரிமைக்கும் வரையும் நுட்பத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். நேரடித் தொடர்பு உண்டு. முடிந்த படத்திலிருந்து கற்றுக்கொள்ள முடிவது கொஞ்சம்தான். எந்த லேயர், அதாவது படத்தின் எந்த அடுக்கு, எதன் மேல் இருந்தது, நிழலுக்கு எந்த நிறம் எடுத்தார், எத்தனை முறை அழித்தார் என்பதெல்லாம் கடைசிப் படத்தில் மறைந்துவிடும். கற்றுத்தருவது முடிக்கப்படாத கோப்புதான். தன் முடிக்கப்படாத கோப்பை இன்னொருவரிடம் கொடுக்க ஒருவருக்கு மனம் வர வேண்டுமென்றால், அதை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மிக்கு ரசிகர்களிடம் அந்தத் தெளிவு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது.

கோப்பைத் திறந்து காட்டும் வழக்கம் மிக்குவுக்கும் முந்தியது. 1990-களின் கடைசியில் ஜப்பானில் பரவிய ஓஎகாகி பலகைகளில், எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஒரு சின்னக் கட்டத்துக்குள் வரையலாம். ஜாவாவில் எழுதப்பட்ட அந்தக் கருவிகளில் சில, ஒவ்வொரு கோட்டையும் வரைந்த வரிசையில் பதிவுசெய்து வைத்தன. பார்ப்பவர் பொத்தானைத் தட்டினால் வெற்றுத் தாளிலிருந்து முழுப் படம் வரை மறுபடி ஓடும். தலையிலிருந்து தொடங்கினாரா தோளிலிருந்தா, கண்ணை எப்போது போட்டார், எங்கே தயங்கினார் என்று எல்லாம் தெரிந்துவிடும். உலாவிகள் ஜாவா ஆதரவைக் கைவிட்டதும் அந்தப் பலகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆனால் அந்த வசதி சாகவில்லை. ஐபேடில் இயங்கும் புரோகிரியேட், வரைவதை எல்லாம் தானாகவே டைம்லாப்ஸ் காணொளியாகச் சேமிக்கிறது. கிளிப் ஸ்டூடியோ பெயின்டிலும் அது உண்டு.

மிக்கு வெளிவந்த பத்தாவது நாள், 2007 செப்டம்பர் 10 அன்று, ஜப்பானில் பிக்சிவ் தளம் தொடங்கியது. மேற்கே டீவியன்ட்ஆர்ட் 2000-இலிருந்தே இருந்தது. இரண்டு இடங்களிலும் முடிந்த படங்களோடு ‘இதை வரைந்தது இப்படி’ என்று படிப்படியாகக் காட்டும் பதிவுகள் தனி வகையாகவே வளர்ந்தன. நண்பர்களுக்குள் கைமாறுவது பெரும்பாலும் இந்த வகைச் சரக்குதான்.

இப்போது மிக்குவை வரைவதையே எடுத்துக்கொள்ளலாம். முதல் சவால் பின்னாமல் விட்ட அந்த இரட்டைச் சடை. கிட்டத்தட்டக் கணுக்கால் வரை தொங்கும். முடியை ஒவ்வோர் இழையாக வரையத் தொடங்குகிறவர் பாதியில் களைத்துவிடுவார், படமும் துடைப்பம் போல் ஆகிவிடும். கைதேர்ந்தவர்கள் நண்பர்களுக்குச் சொல்லும் முதல் ஆலோசனை, சடையை ஒரே பெரிய வடிவமாக நினைத்து அதன் வெளிக்கோட்டை மட்டும் போடுவது. காற்று எந்தப் பக்கம், உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த ஒரு வடிவமே சொல்லிவிட வேண்டும். பிறகு அதை மூன்று நான்கு பெரிய கற்றைகளாகப் பிரிப்பது. கடைசியாக, விளிம்பில் அங்கங்கே ஒன்றிரண்டு மெல்லிய இழைகளைப் பிரித்துவிடுவது.

கோடு நடுங்குவது அடுத்த குறை. டேப்லெட் பேனா கையின் சின்ன அசைவையும் பதிகிறது. இந்தச் சடை போன்ற நீண்ட வளைவுகளில் நடுக்கம் நன்றாகவே தெரியும். அதைச் சீராக்கத்தான் மென்பொருளில் ஸ்டெபிலைசர். ஜப்பானில் எழுதப்பட்ட சிறிய மென்பொருளான பெயின்ட்டூல் சாய் அந்தக் காலத்தில் அத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம். ஸ்டெபிலைசரின் அளவைக் கூட்டினால் கோடு வழவழப்பாகும், ஆனால் பேனாவுக்குப் பின்னால் தாமதித்து வரும். எனவே சடைக்கு அதிகமாகவும் முகத்துக்குக் குறைவாகவும் வைத்துக்கொள்வது வழக்கம். மணிக்கட்டைத் தாளில் ஊன்றாமல் தோளிலிருந்து கையை வீசி இழுப்பது அதைவிட நல்ல தீர்வு. அதை எந்தக் கோப்பிலும் வைத்து அனுப்ப முடியாது என்பதுதான் சிக்கல்.

கோட்டோவியமான லைன் ஆர்ட் முடிந்ததும் அதன் கீழே தனி லேயரில் நிழலில்லாத ஃப்ளாட் கலர். மிக்குவின் முடிநிறத்துக்கு ரசிகர்களிடையே ஒரு எண் வழங்குகிறது: சிவப்பு 57, பச்சை 197, நீலம் 187. பதினாறடிமான முறையில் எழுதினால் அது 39 என்று தொடங்கும். ஜப்பானிய மொழியில் 3, 9 என்ற எண்களை ‘மி’, ‘கு’ என்றும் வாசிக்கலாம் என்பதால் ரசிகர்களுக்கு அதில் தனி மகிழ்ச்சி. மார்ச் 9-ஐ மிக்கு நாளாகக் கொண்டாடுவதும் இதனால்தான்.

நிழலில்தான் ஆரம்பநிலைப் படங்கள் சோபை இழக்கின்றன. முடியின் நிறத்தோடு கறுப்பைக் கலந்து நிழல் போட்டால் அழுக்குப் பிடித்தது போல் இருக்கும். நண்பர்கள் ஒருவருக்கொருவர் காட்டும் வழி இதுதான்: ஃப்ளாட் கலருக்கு மேல் புதிய லேயர், அதைக் கீழ் லேயரோடு கிளிப் செய்வது, கலவை முறையை மல்டிப்ளை ஆக்குவது. கிளிப் செய்தால் நிறம் முடியின் எல்லையைத் தாண்டாது. மல்டிப்ளை என்பது வெறும் பெருக்கல். இரண்டு லேயர்களின் எண்களையும் பெருக்கி 255-ஆல் வகுக்க வேண்டும், அதனால் நிறம் ஒருபோதும் வெளுக்காது. மேல் லேயரில் வெளிர் ஊதா, அதாவது 200, 180, 230 என்று எடுத்தால், 57, 197, 187 என்ற முடிநிறம் 45, 139, 169 ஆகிறது. பச்சை குறைந்து நீலம் தூக்கி நிற்கிறது. நிழல் வானத்தின் நிறத்தை வாங்கியது போலத் தெரியும். அதே இடத்தில் சாம்பலாக 190, 190, 190 என்று போட்டிருந்தால் கிடைப்பது 42, 147, 139. நிறம் அதேதான், இருட்டு மட்டும் கூடியிருக்கிறது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவருக்கு ‘நல்ல நிழல் நிறம் எது’ என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும். வெளிச்சத்துக்கு ஸ்கிரீன் முறை இதன் நேர்மாறு. அதை அளவுக்கு மீறிப் போட்டு, சடை முழுவதையும் டியூப்லைட் ஆக்கிவிடுகிறவர்களும் நிறைய.

முகத்தின் ஓரத்திலும் தோலின் ஓரத்திலும் இருக்கும் கறுப்புக் கோடுகளை, லேயரின் ஒளிபுகு பகுதிகளைப் பூட்டிவிட்டு, அடர் பழுப்பாகவோ அடர் நீலப்பச்சையாகவோ மாற்றுவது இன்னொரு சின்ன வேலை. ஜப்பானிய ஓவியர்கள் வெகுகாலமாகச் செய்வது. ஐந்து நிமிடத்தில் படத்தின் முரட்டுத்தனம் குறையும். சரிபார்க்க இரண்டு வழிகள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு கறுப்பு லேயரைப் போட்டு அதன் முறையைக் ‘கலர்’ என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையில் தெரியும். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலில் கரைந்தால், வண்ணத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம் எடுபடாது. இரண்டாவது, படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது. கோணல் கண்கள் உடனே காட்டிக்கொடுக்கும். மிக்கு விஷயத்தில் இதில் ஒரு பொறி உண்டு. அவளுடைய இடது கையின் மேற்புறத்தில் சிவப்பில் ‘01’ என்று எழுதியிருக்கும். திருப்பியதை மறந்து அப்படியே சேமித்தால் எண் வலது கைக்குப் போய், தலைகீழ் வாசிப்பாகவும் ஆகிவிடும். பார்த்தவுடன் ரசிகர்கள் சொல்லிவிடுவார்கள்.

நிற்கும் நிலை வராவிட்டால் மிக்குமிக்குடான்ஸ் உதவுகிறது. 2008 பிப்ரவரியில் ஒரு தனிநபர் எழுதி இலவசமாக விட்ட முப்பரிமாண மென்பொருள் அது. மாதிரி உருவத்தை வேண்டியபடி வளைத்து நிறுத்தி, அதைப் பார்த்து வரையலாம். ரசிகர்கள் உருவாக்கிய மாதிரிகளோடு பெரும்பாலும் ஒரு குறிப்புக் கோப்பு வரும். அதில் விதிகள் இருக்கும். சிலர் எதற்கும் சம்மதிப்பார்கள், சிலர் பெயர் போடச் சொல்வார்கள், சிலர் உருவத்தை மாற்றவே விடமாட்டார்கள். பலரும் திறந்துகூடப் பார்க்காத கோப்பு அதுதான்.

பிரஷ் பகிர்வதில் வேறு வகைச் சங்கடம். புரோகிரியேட்டின் பிரஷ் கிளிப் ஸ்டூடியோவில் திறக்காது. ஃபோட்டோஷாப் பிரஷ்ஷை இரண்டும் ஓரளவு ஏற்கின்றன, ஆனால் அழுத்தமும் கரடுமுரடும் அதே மாதிரி வரும் என்று சொல்ல முடியாது. லேயரோடு படத்தைக் கொடுக்க ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி வடிவம்தான் பொதுமொழி. சாய், கிளிப் ஸ்டூடியோ, புரோகிரியேட், காசில்லாமல் கிடைக்கும் கிரிதா என எல்லாம் அதைத் திறக்கும். லேயர்களுக்குப் பெயர் வைத்து அனுப்புவது அடிப்படை மரியாதை. ‘லேயர் 1’ முதல் ‘லேயர் 64’ வரை என்று வந்தால் திறந்தவர் பாவம். ஒருவருடைய பிரஷ்ஷை வாங்கிவிட்டால் அவர் மாதிரி வரைந்துவிடலாம் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. வட்டப் பிரஷ் ஒன்றை மட்டும் வைத்தே முழுப் படத்தையும் முடிக்கிறவர்களின் டைம்லாப்ஸைப் பார்த்தால் அந்த நம்பிக்கை கலைந்துவிடும்.

சேர்ந்து வரைவதற்கும் கருவிகள் உண்டு. டிராபைல் என்ற திறமூல மென்பொருளிலும், உலாவியில் இயங்கும் மேக்மாவிலும் வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் ஒரே தாளில் ஒரே நேரத்தில் கோடு போடலாம். ஒருவர் ஸ்கெட்ச், இன்னொருவர் லைன், மூன்றாமவர் வண்ணம் என்று பிரித்துக்கொள்வது ஒரு முறை. மற்றவர் கை எந்த வேகத்தில் போகிறது என்று பார்ப்பதே பெரிய பாடம். ஒருவருடைய படத்தை எல்லோரும் தத்தம் பாணியில் திரும்ப வரையும் சவால் இன்னொரு முறை. ஒரே உடை, ஒரே நிலை, இருபது கைகள் என்று வரிசையாகப் பார்க்கும்போது ‘பாணி’ எனப்படுவது பெரும்பாலும் எதை விட்டுவிடுகிறார்கள் என்பதில் இருப்பது கண்ணுக்குத் தெரியும்.

திருத்தம் கேட்பதிலும் சொல்வதிலும் பக்குவம் வேண்டும். நண்பரின் படத்தின் மேல் சிவப்புக் கோட்டில் சரியான உடற்கூற்றை வரைந்துகாட்டுவது ஆயிரம் சொல்லைவிடப் பயன் தரும். ஆனால் கேட்காதவருடைய படத்தில் அதைச் செய்தால் நட்பு முறியும். ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘சூப்பர்’ என்றுதான் பதில் வரும், அதில் பயனில்லை. ‘இடது தோள் உயரமாகத் தெரிகிறதா?’ என்று கேட்டால் பதிலில் ஏதாவது தேறும்.

பார்த்து வரைவதும் மேலே வைத்து நகலெடுப்பதும் ஒன்றல்ல. பயிற்சிக்காக நகலெடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொள்வதில் யாருக்கும் வருத்தமில்லை. அதைத் தன் பெயரில் வெளியிட்டால்தான் சண்டை. அடுத்தவர் படத்தை எடுத்து வேறிடத்தில் ஏற்றுவது, மூலம் குறிப்பிட்டே செய்தாலும், ஜப்பானிய ஓவியர்கள் பலருக்குப் பிடிக்காது. சுயவிவரத்திலேயே மறுபதிவு வேண்டாம் என்று எழுதிவைத்திருப்பார்கள். படத்தைத் தூக்காமல் இணைப்பைக் கொடுத்தால் பிரச்சினை இல்லை.

2022 ஆகஸ்டில், எழுத்தில் கேட்டால் படம் உருவாக்கித்தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வெளியானபின் இந்தப் பகிர்வில் ஓர் அச்சம் நுழைந்தது. இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களில் பயிற்றுவிக்கப்பட்ட நிரல், ஓவியர்களின் பாணியைக் கேட்டவுடன் தந்தது. கேட்டு எடுப்பது, பெயர் போடுவது என்ற வழக்கங்கள் எதற்கும் அங்கே இடமில்லை. அந்த டிசம்பரில் ஆர்ட்ஸ்டேஷன் தளத்தில் ஓவியர்கள் எதிர்ப்புப் படங்களை நிரப்பினார்கள். 2023-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளேஸ் என்ற இலவசக் கருவியை வெளியிட்டார்கள். மனிதக் கண்ணுக்கு எளிதில் தெரியாத மாற்றங்களைப் படத்தில் தூவி, பாணியைக் கற்கும் நிரலைத் திசைதிருப்புவது அதன் வேலை. முழுக் காப்பு என்று அதை உருவாக்கியவர்களே சொல்லவில்லை. முன்பு முழு அளவுக் கோப்பையே பொதுவில் வைத்தவர்களில் பலர் இப்போது சிறிய பிரதியை மட்டும் வைத்து, லேயர் கோப்பை நெருங்கிய நண்பர்களுக்கு மட்டும் தருகிறார்கள்.

கோப்பின் அளவு, வடிவம் பற்றிய சில்லறை விவரங்கள் பாக்கி. திரைக்கு மட்டும் என்றால் நீளப்பக்கம் 2000 பிக்சல் போதும். அச்சிடும் எண்ணம் இருந்தால் தொடக்கத்திலேயே பெரிய தாள் எடுக்க வேண்டும்: ஏ4 அளவுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 2480-க்கு 3508 பிக்சல். வண்ண அச்சுக்கு 350 கேட்கும் ஜப்பானிய அச்சகங்கள் நிறைய. திரையின் மூன்று நிறங்களிலிருந்து அச்சின் நான்கு மைகளுக்கு மாறும்போது மிக்குவின் நீலப்பச்சை மங்கும், ஒளிரும் பகுதிகள் இன்னும் மோசமாகும். மென்பொருளின் அச்சு முன்னோட்டத்தை வண்ணம் தீட்டும்போதே அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. இணையத்தில் ஏற்ற, கூர்மையான கோடுகள் உள்ள படத்துக்குப் பிஎன்ஜி பொருந்தும். ஜேபெக்கில் சிவப்புக் கோடுகளின் ஓரம் சிதறும், மிக்குவின் ‘01’-இல் அது உடனே தெரியும். ஜப்பானில் அச்சிட்டதை விற்க வேண்டுமென்றால், செலவை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் விலை வைக்கும் ரசிகர்களுக்காகப் பியாப்ரோ லிங்க் என்ற விண்ணப்ப முறையைக் கிரிப்டன் வைத்திருக்கிறது. லாபத்துக்கு விற்பது அந்த இலவச உரிமத்துக்குள் வராது. அதற்கு நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும்.